தப்பிய மானும் தாராள வாரண்டியும்

வேட்டைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பும்போது வழியெல்லாம் ஒரு ஆளைத் தேடிக்கொண்டே வருவார். பழியைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு ஆள். காற்று திசை மாறிவிட்டது, வெடிமருந்து ஈரம், கூட வந்த மச்சான் தும்மித் தொலைத்தான், மான் சுடுகிற நேரம் பார்த்துக் குனிந்துவிட்டது. "எனக்குச் சுடத் தெரியவில்லை" என்று வாக்குமூலம் கொடுத்த வேட்டைக்காரர் எந்த மொழியிலும் இன்னும் பிறக்கவில்லை. இப்படி ஆள் பஞ்சமாக இருந்த காலத்தில்தான் துப்பாக்கியின் முதுகில் ஒரு கண்ணாடிக் குழாய் வந்து உட்கார்ந்தது. விலை அதிகம், வாய் கிடையாது, திருப்பிப் பேசாது. குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைவிட லட்சணமான பொருள் அமையுமா?

ஸ்கோப் என்கிற அந்தக் குழாயின் சரித்திரத்தை லென்ஸ் வளர்ந்த கதையாகத்தான் எழுதுவார்கள். கொஞ்சம் ஆழம் போனால், அது புகார் வளர்ந்த கதை.

புகார், பொருளோடு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை. 1608 அக்டோபரில் நெதர்லாந்தின் மிடல்பர்க் ஊரைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றோடு காப்புரிமை கேட்டு நாட்டு மன்றத்தின் முன் போய் நின்றார். அதுவரை அந்த மன்றத்தில் யாரும் கண்டிராத அதிசயம். பெரிய மனிதர்கள் வாங்கிப் பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாயை மூடியதும் முதல் வேலையாகக் குறை சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது சிரமமாக இருக்கிறதாம், இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். லிப்பர்ஹே பாவம், அதையும் செய்து கொடுத்தார். மொத்தமாக 900 கில்டர் கூலி கிடைத்தது. காப்புரிமை மட்டும் கிடைக்கவில்லை. இந்த வித்தை இன்னும் சிலருக்கும் தெரிந்திருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். பொருளைப் பாராட்டு, திருத்தம் கேள், பிறகு "இது எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே" என்று சொல்லிவிட்டு எழுந்திரு. வாடிக்கையாளர் சாஸ்திரத்தின் மூன்று சூத்திரங்களும் அன்றே முழுமை பெற்றுவிட்டன.

அடுத்த வருஷம் ஏமாந்தது வாடிக்கையாளர். 1609 ஆகஸ்டில் கலிலியோ தானே செய்த குழாயோடு வெனிஸ் நகரத்துச் செனட்டர்களை செயின்ட் மார்க் கோபுரத்தின் மேல் ஏற்றினார். வயசான மனிதர்கள் மூச்சு வாங்க ஏறி, வெறுங்கண்ணுக்குத் தெரிய இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும் கப்பலை இப்போதே பார்த்துப் பூரித்துப் போனார்கள். அவர்கள் தயவில் பாதுவா பல்கலைக்கழகத்தில் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 1,000 ஃபுளோரினாக உயர்ந்தது. இதில் ஒரு சின்ன விஷயம். அதே வருஷம் வசந்த காலத்திலேயே பாரிஸ் பாலத்தின் மேல் கடை போட்டு இந்த மாதிரிக் குழாய்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். கலிலியோவின் குழாய் எட்டு ஒன்பது மடங்கு பெரிதாக்கியது, பாலத்துச் சரக்கு மூன்று மடங்கோடு மூச்சு விட்டது என்பது உண்மைதான். ஆனாலும், கோபுரம் ஏறி வாங்கியது கீழே பிளாட்பாரத்திலும் விற்கிறது என்று கேள்விப்படும்போது செனட்டர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? போதாக்குறைக்கு, சம்பளம் ஏறி ஒரு வருஷம் சொச்சத்தில் ஆசாமி ஃபுளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் நிழலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். விற்பனைக்குப் பிந்திய சேவை என்ற பேச்சே எழவில்லை.

நேரில் செய்துகாட்டும்போது பொருள் மானத்தை வாங்கும் என்பதையும் உலகுக்கு முதலில் அனுபவித்துக் காட்டியவர் கலிலியோதான். 1610 ஏப்ரலில் பொலோனியாவில் பேராசிரியர் மாஜினியின் வீட்டில் இருபதுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூடினார்கள். வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் காட்டுவதாக ஏற்பாடு. எவருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. மாஜினியின் உதவியாளர் மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர் உடனே வானியல் அறிஞர் கெப்ளருக்குக் கடுதாசி போட்டார்: குழாய் தரையில் அற்புதமாக வேலை செய்கிறது, வானத்தில் ஏமாற்றுகிறது. டெக்னீஷியன் வரும்போது மட்டும் ஒழுங்காக ஓடும் மிக்ஸியின் கதையை அப்படியே தலைகீழாகப் போட்டது போல இருக்கிறது. இத்தனை மட்டம் தட்டிய அதே ஹோர்க்கி, யாருக்கும் தெரியாமல் அந்தக் குழாயை மெழுகில் அச்சும் எடுத்து வைத்துக்கொண்டார். பொருள் மோசம் என்று எழுதுகிறவர்தான் அதன் நகலை முதலில் செய்யப் பார்ப்பவர்.

கடிதம் போய்ச் சேர்ந்த கெப்ளரிடமோ சொந்தமாக ஒரு நல்ல குழாய்கூட இல்லை. கலிலியோ தன் கைச்சரக்கை இளவரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். உருப்படியாகப் பயன்படுத்தக்கூடிய ஒரே மனிதருக்கு அனுப்பவில்லை. கொலோன் பிரபுவுக்குப் போன குழாயை இரவல் வாங்கித்தான் கெப்ளர் அந்த நிலவுகளைப் பார்த்தார். வி.ஐ.பி. கோட்டா என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று யாராவது பெருமைப்பட்டால் திருத்திவிடுங்கள்.

சரி, தூரத்தில் இருப்பது தெரிகிறது. எங்கே குறி வைப்பது? அதற்குக் குழாய்க்குள் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டைக் கொண்டுவந்தது எந்த மேதையும் இல்லை, ஒரு சிலந்தி. 1640 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞரின் திறந்து கிடந்த தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் விட்டிருந்தது. லென்ஸ் பிம்பம் விழுகிற அதே தளத்தில் நூல் இருந்ததால், கண்ணில் இரண்டும் ஒருசேரத் துல்லியமாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் "புதுப் பொருளில் ஒட்டடை" என்று சண்டைக்குப் போயிருப்பார்கள். காஸ்கோயின் அதைக் குறுக்குக் கம்பியாக்கிவிட்டார். பிற்காலத்துத் துப்பாக்கி ஸ்கோப்புகளிலும் வெகுகாலம் சிலந்தி நூலையே கட்டினார்கள். பழுதுக்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டால் அது சிறப்பம்சம் ஆகிவிடும் என்ற வியாபார ரகசியத்தைக் கண்டுபிடித்தது எட்டுக்கால் பூச்சி.

துப்பாக்கி மேல் குழாயைக் கட்டிப் பிழைப்பாக்கியது அமெரிக்கா. 1844-இல் ஜான் சாப்மன் என்பவர் துப்பாக்கிக்கான தொலைநோக்கி பற்றிப் புத்தகத்திலேயே விளக்கி எழுதினார். 1855-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் இதற்கென்றே தொழில் தொடங்கினார். அந்தக் காலத்து ஸ்கோப் ஏறக்குறையத் துப்பாக்கிக் குழல் நீளம் இருக்கும். துப்பாக்கிக்கு ஸ்கோப் பொருத்தினார்களா, ஸ்கோப்புக்குத் துப்பாக்கி பொருத்தினார்களா என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். கண்ணை ஒட்டி வைத்திருந்தால் குழாயின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போகும். உள்நாட்டுப் போரில் தென்தரப்புக் குறிகாரர்களைக் கருத்துப்போன கண்ணை வைத்தே அடையாளம் காணலாம் என்று பேச்சு இருந்தது. அந்த முத்திரை இன்றைக்கும் விழுகிறது. எந்த வாரண்டியிலும் அதற்கு இடம் இல்லை, புருவம் உங்களுடையது.

அதே போரில் ஜெனரல் ஜான் செட்ஜ்விக் என்ற வடதரப்புத் தளபதி, எதிரிக் குறிகாரர்களின் தரத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா. குண்டுக்குப் பயந்து குனிந்து ஓடிய வீரர்களைக் கேலி செய்து, இந்தத் தூரத்தில் அவர்களால் ஒரு யானையைக்கூடச் சுட முடியாது என்றார். சொல்லிச் சற்று நேரத்தில் கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து இறந்தார். ஒரு பொருளைப் பற்றிய எதிர்மறை விமர்சனத்துக்கு இவ்வளவு சுருக்கில், இவ்வளவு சந்தேகமில்லாமல் பதில் கிடைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் வாடிக்கையாளர் சேவையின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் 1915-ஐத்தான் காட்டுவேன். முதல் உலகப்போர் தொடங்கி ஒரு வருஷம். பிரிட்டனிடம் ஆள் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, பார்ப்பதற்கு நல்ல கண்ணாடி இல்லை. அதுவரை கண்ணாடியை யாரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்? பெரும்பகுதி ஜெர்மனியிடம். இப்போது அந்தக் கடைக்காரன்தான் எதிர்ப் பதுங்குகுழியில் உட்கார்ந்து இவர்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். ஜெர்மனியில் ஊர்ஊராக வேட்டைப் பிரியர்களிடமிருந்து ஸ்கோப் வைத்த துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து வழியாகப் பழைய கடைக்காரனிடமே ஆள் விட்டார்கள். பைனாகுலர் வேண்டும், துப்பாக்கி ஸ்கோப்பும் வேண்டும். ஜெர்மனி முகம் சுளிக்கவில்லை. தரலாமே, எங்களுக்கு ரப்பர் தட்டுப்பாடு, நீங்கள் ரப்பர் கொடுங்கள் என்றது. இந்தப் பேச்சு பிரிட்டிஷ் தளவாட அமைச்சகத்தின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. அதில் மகுடம் வைத்த வரி சாம்பிள் பற்றியது. சரக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? நீங்கள் சிறைபிடித்து வைத்திருக்கும் எங்கள் அதிகாரிகளிடம் இருப்பதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்கள். வாடிக்கையாளரின் வீட்டுக்கே சாம்பிள் அனுப்பிவைத்த கம்பெனிகள் உண்டு. சாம்பிளோடு விற்பனையாளரையும் பிடித்து அடைத்துவைக்க விட்ட கம்பெனி இது ஒன்றுதான்.

பிரிட்டன் சொந்தமாகச் செய்த ஸ்கோப்புகளின் கதை இன்னும் ருசியானது. துப்பாக்கிக்கு மேலே பொருத்தினால் தோட்டா வரிசையை உள்ளே தள்ளுவதற்கு இடைஞ்சல் என்று சொல்லி, இடப் பக்கமாகத் தள்ளிப் பொருத்தினார்கள். முனையில் இருந்தவர்களோ இரும்புத் தகட்டில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத்தான் சுட வேண்டும். குழல் ஓட்டைக்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்புக்குத் தகடுதான் தெரியும். மிகத் துல்லியமாக, பல மடங்கு பெரிதாக, அருமையான இரும்புத் தகடு. வேட்டைக்காரரும் கிரிக்கெட் வீரருமான ஹெஸ்கெத்-ப்ரிச்சர்ட் என்ற அதிகாரி இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, முனை முனையாகப் போய் ஸ்கோப்புகளைச் சோதித்தார். பெரும்பாலானவை குறி விலகிக் கிடந்தன. கொடுத்தவர்கள் கொடுத்ததோடு சரி. அதை எப்படிச் சரிசெய்வது என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெர்மானியர்களின் இரும்புத் தகட்டைத் துளைக்க அவர் இங்கிலாந்திலிருந்து யானை வேட்டைத் துப்பாக்கிகளைக் கொண்டுவரச் செய்தார். சர்வீஸ் சென்டரே இல்லாத கம்பெனிக்கு ஒற்றை ஆளாகச் சர்வீஸ் சென்டர் நடத்திய அந்த மனிதர், 1920-இல் அத்தனை குறைகளையும் புத்தகமாகவே எழுதித் தீர்த்துக்கொண்டார்.

போர் ஓய்ந்ததும் ஸ்கோப் ஏழைக்கும் எட்டியது. 1930-இல் வில்லியம் ரால்ஃப் வீவர் என்ற அமெரிக்கர் '330' என்ற ஒல்லியான ஸ்கோப்பை இருபது டாலருக்குள் கொண்டுவந்தார். அதுவரை பணக்காரர்கள் மட்டுமே ஸ்கோப்பின் மேல் பழி போட முடிந்தது. வீவர் அந்த உரிமையைப் பொதுவுடைமை ஆக்கினார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் அதே மலிவு ஸ்கோப்பை வாங்கி, 'எம்73பி1' என்று வாயில் நுழையாத பெயர் சூட்டி, ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளில் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை முயல் வேட்டைக்குச் செய்த குழாய் மழையிலும் சேற்றிலும் போய் நின்றது. ஈரம் உள்ளே புகுந்தது. எதிரிக்குப் பதிலாக மூடுபனி தெரிந்தது.

மூடுபனிதான் இந்தக் கதையின் உண்மையான வில்லன். குழாய்க்குள் அடைபட்ட காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும். குளிர் பட்டதும் லென்ஸின் உட்பக்கம் வியர்த்துவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் காடுகளில் மழைக்கும் குளிருக்கும் பஞ்சமில்லை. அங்கே போர்ட்லண்ட் நகரில் 1907 முதல் நில அளவைக் கருவிகள் செய்துவந்த லூபோல்டு குடும்பத்தின் மார்க்கஸ் ஒருநாள் வேட்டைக்குப் போனார். கலைமான் நின்றது, இவர் குறி பார்த்தார், ஸ்கோப்புக்குள் வெறும் வெள்ளை. மான் போய்விட்டது. கோபத்தில் அவர், இதைவிட நல்ல ஸ்கோப்பை நானே செய்வேன் என்று ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துச் சபதம் போட்டதாகக் கம்பெனியே பெருமையோடு சொல்லும். மற்றவர்கள் புகார் எழுதுவார்கள். இவர் ஃபாக்டரி வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 1947-இல் அவர்களுடைய முதல் ஸ்கோப் 'பிளெயின்ஸ்மன்' வந்தது. ஈரக்காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி அடைக்கும் முறையால் கம்பெனி பெயர் வாங்கியது. அந்த மான் அன்றைக்கு விழுந்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வார இறைச்சி. தப்பியதால் ஒரு தொழிலே பிறந்தது.

இதே சமயத்தில் ஜெர்மனியில் வேறொரு வேடிக்கை. ஸ்கோப் உலகின் பெரிய ஜமீன் ட்ஸைஸ் கம்பெனி, ஊர் யேனா. 1945-இல் முதலில் வந்த அமெரிக்கப் படை, ஊரை ரஷ்யர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது முக்கியமான விஞ்ஞானிகளையும் மேலாளர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்த ரஷ்யர்கள் இயந்திரங்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். மூளை மேற்கே, உடம்பு கிழக்கே. மேற்கே ஓபர்கோகன் ஊரில் ஒரு ட்ஸைஸ், கிழக்கே யேனாவில் ஒரு ட்ஸைஸ். நான்தான் அசல் என்று இரண்டும் நாடு நாடாக வழக்குப் போட்டன. 1971-இல் லண்டனில் ஒரு சமரசம் ஏற்பட்டு, எந்த நாட்டில் யார் எந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது என்று பாகப் பிரிவினை செய்துகொண்டன. 1940-இல் வாங்கிய ஸ்கோப் பழுதானவரின் கதியை நினைத்துப் பாருங்கள். பில் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கம்பெனிக்கு நடுவே முள்வேலி ஓடுகிறது. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் இரண்டு ட்ஸைஸும் ஒன்றாயின. அதுவரை பொறுத்திருந்த வாடிக்கையாளர் யாராவது இருந்தால், அவருக்குக் கண்ணே போயிருக்கும்.

அமெரிக்காவில் இதற்குள் வாரண்டிச் சீட்டு என்பது இலக்கிய வடிவமாக வளர்ந்துவிட்டது. மேலே பெரிய எழுத்தில் வரம், கீழே பொடி எழுத்தில் சாபம். 1975-இல் மாக்னசன்–மாஸ் சட்டம் வந்து, வாரண்டி கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், கொடுத்தால் அது முழு வாரண்டியா வரம்புக்குட்பட்டதா என்று நெற்றியில் எழுதி ஒட்டு என்றது. பிறகு 'ஆயுட்காலம்' என்ற சொல்லில் வந்து மாட்டினார்கள். யாருடைய ஆயுள்? வாங்கியவருடையதா, பொருளுடையதா? எதனுடைய ஆயுள் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழிகாட்டி வெளியிட்டது. கார் சைலன்சருக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்றால் அது காரின் ஆயுள் என்று உதாரணமும் கொடுத்தது. கம்பெனியின் ஆயுளைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கம்பெனிக்கும் ஆயுள் உண்டு என்று நினைவூட்டியது ரெட்ஃபீல்டு. டென்வர் நகரத்துப் பழைய பெயர், 1909-இல் தொடங்கியது. தொலைக்காட்சித் திரை வடிவத்தில் காட்சி தரும் ஸ்கோப்பெல்லாம் செய்து பார்த்தவர்கள். மான் டிவியில் வருவது மாதிரி இருக்கும். 1998-இல் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். அங்கே புழங்கிய கரைப்பான் ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் ஆவியாக எட்டிப் பார்த்தது. கம்பெனி போனபின்பும் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே வந்து நின்ற ஒரே சேவை அதுதான். பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி 2008-இல் லூபோல்டிடம் வந்தது. புதிய ரெட்ஃபீல்டுக்கு நாங்கள் பொறுப்பு, பழசுக்கு இல்லை என்றார்கள். மாமனார் வைத்துவிட்டுப் போன கடனுக்கு மாப்பிள்ளை கையெழுத்துப் போடாத மாதிரி ஒரு நிம்மதி.

அந்த லூபோல்டுதான் தன் சொந்தச் சரக்கில் தலைகீழாக நின்றது. ஸ்கோப் வேலை செய்யவில்லையா, அனுப்பு. பில் வேண்டாம், சீட்டு வேண்டாம், முதலில் வாங்கியது நீயாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிறகு விஸ்கான்சின் மாநிலத்து வோர்டெக்ஸ் அதையும் தாண்டி, நீ உடைத்திருந்தாலும் பரவாயில்லை, திருட்டு, தொலைந்துபோனது, வேண்டுமென்றே உடைத்தது, வெளிக் கீறல் இவை மட்டும் கூடாது என்றது. ஒரே இரவில் மனித குலத்தின் ஒழுக்கம் சோதனைக்கு வந்தது. தாத்தா பரணில் போட்ட குழாய், சந்தையில் வாங்கிய உடைசல், ஏணியிலிருந்து விழுந்தது, லாரிச் சக்கரத்துக்குக் கீழே போனது எல்லாம் பார்சலாகக் கிளம்பின. லூபோல்டு பெயர் போட்ட போலிச் சரக்கும் லூபோல்டுக்கே ரிப்பேருக்கு வந்தது. போலியை வாங்கியவர், அசலிடம் நியாயம் கேட்டார்.

கம்பெனிகள் திவாலாகவில்லை. காரணம் எளிது. புகாரோடு மல்லுக்கட்ட ஓர் ஆளை உட்காரவைக்கிற செலவில் புதுசு ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். அந்தச் செலவும் முதலிலேயே விலையில் ஏறித்தான் இருக்கிறது. உள்ளே வரும் பார்சல்களில் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் திருகு தளர்ந்ததாலேயே வந்தவை எத்தனையோ. திறந்து பார்க்கும் ஊழியருக்கு இது தெரியும். ஆனால் "குறை உங்கள் கையில்" என்று ஒருபோதும் எழுத மாட்டார். சோதித்தோம், சரிசெய்தோம், நன்றி என்று எழுதி மரியாதையாகத் திருப்பி அனுப்புவார். நானூறு வருஷமாக மனிதன் தேடிய அந்தப் பழி சுமக்கும் ஆள், கடைசியில் சம்பளத்தோடு, சீருடையோடு, இலவசத் தொலைபேசி எண்ணோடு கிடைத்தேவிட்டார்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. திரும்பி வருகிற ஸ்கோப் குற்றமற்றது என்று ஃபாக்டரியே சான்று கொடுத்துவிட்டது. அடுத்த சீசனில் அதே கையால், அதே காட்டில், அதே தூரத்தில் குறி தப்பினால் யாரைச் சொல்வது? மச்சானும் இந்த முறை வரவில்லை. ஆகவே வேட்டைக்காரர் யோசிக்காமல் அதைப் பாதி விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு வேறு கம்பெனி ஸ்கோப் வாங்குவார். வாரண்டி கைமாறினாலும் செல்லும் என்று கம்பெனிகள் தாராளமாக எழுதிவைத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? வாங்கியவரும் நாளைக்குக் குறி தப்பத்தானே போகிறார்.